பிளேட்டில் ஒருவர், பேஸில் ஒருவர்: சாஃப்ட்பால் அம்பயர்களை அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் சாஃப்ட்பால் போட்டிகளுக்கு நடுவர்களை நியமிக்கிற சங்கப் பொறுப்பாளர்களுக்கும், பள்ளி, கல்லூரிப் போட்டிகளை நடத்துகிற உடற்கல்வி இயக்குநர்களுக்கும், என்னோடு வெயிலில் நிற்கிற சக அம்பயர்களுக்கும்,

வணக்கம்.

சாஃப்ட்பால் மைதானத்தில் சண்டை என்றால் அது கோச்சுக்கும் அம்பயருக்கும்தான் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உள்ளே நிற்கிற நமக்குத் தெரியும், ஆட்டத்தை அதைவிட அதிகமாகக் கெடுப்பது இரண்டு அம்பயர்களுக்கு நடுவில் ஓடுகிற மனஸ்தாபம். எந்தப் பேஸை யார் பார்ப்பது, யார் சொன்ன தீர்ப்பு நிற்கும், கேட்காமல் ஒருவர் வாய் திறக்கலாமா என்பதையெல்லாம் ஆட்டம் நடக்கும்போதே, இரண்டு அணிகளும் பார்த்துக்கொண்டிருக்க, தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறோம். வருஷக்கணக்காக இதை டீக்கடையில் பேசி ஆற்றிக்கொள்கிறோம். நியமனம் செய்கிற உங்களிடம் யாரும் எழுத்தில் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

என் கோரிக்கை ஒன்றுதான். இரண்டு அம்பயர்களில் எந்தத் தீர்ப்பு யாருக்கு உரியது என்பதை முதல் பந்து வீசும் முன்பே முடிவு செய்து எங்கள் கையில் கொடுங்கள். பிறகு வயதோ பதவியோ சீனியாரிட்டியோ அதை நடு ஆட்டத்தில் மாற்ற விடாதீர்கள்.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்த்திராதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பிட்சர் வீசுகிற பந்தை பேட்டர் அடித்துவிட்டு ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்ற மூன்று பேஸ்களையும் தொட்டு, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். இந்த நான்கும் சேர்ந்த சதுரம்தான் டைமண்ட். பேஸ்களில் ஓடுகிறவர் ரன்னர், பேஸில் இல்லாத ரன்னரைப் பந்தோடு தொடுவது டேக். ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 60 அடி. பேஸ்பாலில் இது 90 அடி. பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்பது ஹோம் பிளேட்டிலிருந்து 43 அடியில். வேகமான ஒரு பெண் பந்தை அடித்துவிட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு வர மூன்று விநாடியைச் சுற்றித்தான் ஆகும். பெரிய சர்வதேசப் போட்டிகளில் மூன்று, நான்கு அம்பயர்கள் நிற்பார்கள். நமக்குக் கிடைப்பது இரண்டு பேர். கேட்சருக்குப் பின்னால் பிளேட் அம்பயர், மற்ற மூன்று பேஸ்களுக்கும் சேர்த்து ஒரு பேஸ் அம்பயர். நான்கு இடங்களை இரண்டு ஜோடிக் கண்கள் பார்க்க வேண்டும் என்றால், பந்து எங்கே போகிறதோ அதற்கேற்ப இருவரும் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் நகரும்போது மற்றவர் எங்கே இருப்பார் என்பது இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒரு பேஸில் இரண்டு பேர் நிற்போம், இன்னொரு பேஸில் யாரும் இருக்க மாட்டோம்.

அப்படி யாரும் இல்லாமல் போன ஒரு பேஸைப் பற்றிச் சொல்கிறேன். பெண்கள் அரையிறுதி ஆட்டம். எந்த மைதானம், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். ஐந்தாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், ஃபர்ஸ்ட் பேஸில் ஒரு ரன்னர். நான் பேஸ் அம்பயர். பிளேட்டில் நின்றவர் என்னைவிட வெகு மூத்தவர், நான் மாணவியாக இருந்த காலத்திலிருந்து மதிக்கிறவர். பேட்டர், பேஸ்களுக்கு அப்பால் உள்ள அவுட்ஃபீல்டின் வலப்பக்கத்துக்கு (ரைட் ஃபீல்டு) ஒரு சிங்கிள், அதாவது ஒரு பேஸ் ஓடக்கூடிய அடி, அடித்தாள். பந்து அவுட்ஃபீல்டுக்குப் போனால் பேஸ் அம்பயர் டைமண்டுக்குள் வர வேண்டும் என்பது பாடம், உள்ளே ஓடினேன். ரன்னர் செகண்ட் பேஸைத் தொட்டுத் தேர்ட் பக்கம் திரும்புவதைப் பார்த்துவிட்டு, பேட்டர் ஃபர்ஸ்டைத் தாண்டுகிறாளா என்று அந்தப் பக்கம் திரும்பினேன். ரைட் ஃபீல்டர் யோசிக்கவே இல்லை, நேராகத் தேர்டுக்கு எறிந்தாள். ரன்னர் சறுக்கினாள். புழுதி அடங்கும்போது தேர்ட் பேஸ்காரி கையுறையை உயர்த்தி உள்ளே இருக்கிற பந்தைக் காட்டுகிறாள். ரன்னர் ஒரு கையால் பேஸைப் பிடித்தபடி தலையைத் தூக்கி, அம்பயர் எங்கே என்று தேடுகிறாள். பக்கத்தில் யாரும் இல்லை. பார்ட்னர் ஹோம் பிளேட்டிலேயே நிற்கிறார். நான் டைமண்டின் நடுவிலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை காட்டினோம். நான் அவுட். அவர் சேஃப்.

ஃபீல்டிங் அணியின் கோச் கத்தவில்லை. மெதுவாக வந்து, “சார், மேடம், ரெண்டு பேர்ல யார் சொல்றத நாங்க எடுத்துக்கறது?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கடைசியில் மூத்தவர் சொன்னது என்பதால் சேஃப் நின்றது. யார் சரியாகப் பார்த்தார்கள் என்பதற்காக அல்ல, உண்மையில் இருவருமே சரியான இடத்தில் இல்லை.

ஆட்டம் முடிந்து அவரிடம் கேட்டேன். “தேர்டு எப்பவும் பேஸ் அம்பயருக்குத்தாம்மா. பிளேட்ல நிக்கறவர் ஹோமை விட்டு வரவே கூடாது” என்றார். அவர் கற்ற காலத்தில் அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பயிற்சி முகாமில் சொன்னது வேறு. ஃபர்ஸ்டில் மட்டும் ரன்னர் இருந்து பந்து அவுட்ஃபீல்டுக்குப் போனால், பிளேட் அம்பயர் தேர்ட் பேஸ் கோட்டுக்கு வெளியே, ஃபவுல் பக்கமாக ஓடிவந்து “தேர்டு எனக்கு” என்று குரல் கொடுத்து அந்த ரன்னரை எடுத்துக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு வெளியே ஓடுவதற்குக் காரணம் உண்டு. எறிந்த பந்து கைநழுவி ரன்னர் ஹோமுக்கு ஓடினால் பிளேட் அம்பயரும் குறுக்கே யாரும் வராமல் திரும்பி ஓட முடியும். செகண்டிலும் ஒரு ரன்னர் இருந்தால் கதை மாறிவிடும். அப்போது ஹோமில் ரன் வரப்போகிறது, எனவே பிளேட் அம்பயர் ஹோமிலேயே நிற்பார், மற்றதெல்லாம் பேஸ் அம்பயருக்கு. இரண்டு அம்பயர் முறையில் இது அடிப்படைப் பாடம். ஆனால் அவர் ஏமாற்றவில்லை, நானும் மீறவில்லை. தனித்தனியாக, நேர்மையாக, வெவ்வேறு பாடம் கற்ற இரண்டு பேரை ஒரே ஆட்டத்துக்கு அனுப்பினீர்கள். நாங்கள் கைகொடுத்துக்கொண்டது ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது.

நம்மிடையே எத்தனை புத்தகங்கள் சுற்றுகின்றன என்று பாருங்கள். பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் 2013-இல் ஒரே உலகக் கூட்டமைப்பாக இணைந்தன. அதற்கு முந்தைய சர்வதேச விதிப்புத்தகத்தின் ஜெராக்ஸ் இன்னும் பலர் பையில் இருக்கிறது. இன்னும் சிலர் அமெரிக்கக் கல்லூரி விதிகளை இணையத்தில் பார்த்துக் கற்றவர்கள். ஐந்து இன்னிங்ஸ் முடிந்து ஏழு ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டம் முடிந்தது என்பது சர்வதேச விதி. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அது எட்டு. ஏழு ரன் முன்னிலையில் ஓர் அம்பயர் முகக்கவசத்தைக் கழற்ற, இன்னொருவர் “ஆட்டம் இருக்கு சார்” என்று சொன்னால் வீராங்கனைகள் எங்கே போவார்கள்? ரன் கணக்கையாவது ஸ்கோரர் மேசையில் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். நிற்கும் இடத்தையும் நகரும் பாதையையும் அங்கே போய்ப் பார்க்க முடியாது. ஃபர்ஸ்ட் பேஸ் கோட்டில் பேஸைத் தாண்டி விழுகிற பந்து ஃபேரா (உள்ளே) ஃபவுலா (வெளியே) என்பதைப் பேஸ் அம்பயர் சொல்வதா, முழுக் கோடும் பிளேட் அம்பயருக்கா என்பதில்கூட நம்மிடையே இரண்டு பழக்கம் இருக்கிறது. எது என்றாலும் எனக்குச் சம்மதம், எது என்று சொல்லிவிடுங்கள்.

ரன்னர் இல்லாதபோது பேஸ் அம்பயர் ரைட் ஃபீல்டுப் பக்கம் கேட்ச் பார்க்க வெளியே ஓடினால் அங்கேயே இருந்துவிட வேண்டும், பேட்டர் எந்தப் பேஸ் வரை ஓடினாலும் அது பிளேட் அம்பயர் பொறுப்பு என்பதும் இப்படித்தான். தெரிந்தவரோடு நின்றால் சங்கீதம் மாதிரி நடக்கும். தெரியாதவரோடு நின்றால் செகண்ட் பேஸ் அநாதையாகிவிடும்.

இப்போது இதைவிடக் கடினமான விஷயத்துக்கு வருகிறேன். இடம் தெரியாததால் வருகிற குழப்பத்தைப் பயிற்சியால் சரிசெய்துவிடலாம். தெரிந்தே ஒருவர் தீர்ப்பை இன்னொருவர் மாற்றுவதை என்ன செய்வது?

விதி இதில் துளியும் சந்தேகம் வைக்கவில்லை. தன் கடமை எல்லைக்குள் ஓர் அம்பயர் கொடுத்த தீர்ப்பை இன்னோர் அம்பயர் தள்ளுபடி செய்யவோ கேள்வி கேட்கவோ கூடாது. தீர்ப்பு கொடுத்தவர் விரும்பினால் பார்ட்னரிடம் கேட்கலாம். கேட்ட பிறகும் முடிவு சொல்ல வேண்டியவர் கேட்டவர்தான். பிளேட் அம்பயர் தலைமை நடுவர் என்பது உண்மை. ஆட்டத்தை ஒழுங்காக நடத்துவது, ஓர் அணி தோற்றதாக அறிவித்து ஆட்டத்தை முடிப்பது, ஒரு தீர்ப்பு மாறியதால் ரன்னரோ பேட்டரோ பாதிக்கப்பட்டால் அந்தப் பாதிப்பைச் சரிசெய்வது எல்லாம் அவர் கையில். ஃபர்ஸ்ட் பேஸில் நடந்ததை ஹோமிலிருந்து மாற்றிச் சொல்கிற அதிகாரம் அதில் சேராது. சில விஷயங்களில் இருவருக்கும் சம அதிகாரமும் உண்டு. டைம் கொடுப்பது (ஆட்டத்தை நிறுத்துவது), விதிமீறிய பிட்ச்சை அறிவிப்பது, பிட்சர் கையிலிருந்து பந்து விடுபடும் முன் பேஸை விட்ட ரன்னரை அவுட் கொடுப்பது, ஒழுங்கு மீறியவரை வெளியேற்றுவது ஆகியவற்றை யார் பார்த்தாலும் சொல்லலாம். பிட்சரின் கால் விதிப்படி நகர்கிறதா என்பது பக்கவாட்டில் நிற்கிற பேஸ் அம்பயருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதை அவர் சொன்னால், “பிட்ச்சிங் என் டிபார்ட்மென்ட்” என்று பிளேட்டிலிருந்து முறைக்க வேண்டியதில்லை.

நடைமுறை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். ஃபர்ஸ்ட் பேஸில் இளம் அம்பயர் ஒருத்தி அவுட் கொடுக்கிறாள். பந்தைப் பிடிக்கும்போது பேஸைத் தொட்டிருக்க வேண்டிய பேஸ்காரியின் கால் விலகிவிட்டது என்று பேட்டிங் கோச் எழுந்து வருகிறார். அவர் நியாயமாகப் போக வேண்டியது தீர்ப்பு கொடுத்த பெண்ணிடம். அவர் போவதோ பிளேட்டில் நிற்கிற சாரிடம், ஏனென்றால் இருவரும் ஒரே கல்லூரி, ஒரே செட். சார் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக்கூடக் கேட்பதில்லை. நின்ற இடத்திலிருந்தே, “கால் இல்லம்மா, சேஃப் குடுத்துடு” என்கிறார். அந்தப் பெண் கை மாற்றிக் காட்டுகிறாள். அடுத்த இன்னிங்ஸிலிருந்து எந்தக் கோச்சும் அவளிடம் பேசுவதில்லை, எல்லாரும் நேராகப் பிளேட்டுக்குத்தான் போகிறார்கள். நூலிழைத் தீர்ப்பு ஒவ்வொன்றிலும் அவள் கை அரை விநாடி தாமதமாக எழுகிறது. கண் ஒரு முறை சாரைப் பார்த்துவிட்டு வருகிறது. இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் இப்போது அம்பயரிங்குக்கு வருவதில்லை.

கால் விலகியது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஹோமிலிருந்து கோட்டோடு பார்க்கிறவருக்கு, கால் விலகியதும் துடைத்த மாதிரி ஒரு டேக் பட்டதும் படாததும் பேஸ் அம்பயரைவிட நன்றாகத் தெரிகிற சந்தர்ப்பங்கள் உண்டு. அதனால்தான் கேட்கிற வழியை விதியே வைத்திருக்கிறது. கோச் பேஸ் அம்பயரிடம் வர வேண்டும். அவளுக்குத் தேவை என்று பட்டால் டைம் கொடுத்து பார்ட்னரிடம் போக வேண்டும். இரண்டு பேரும் யார் காதிலும் விழாத தூரத்தில் பேச வேண்டும். பிறகு அவளே திரும்பி வந்து, அவள் கையாலேயே சேஃப் காட்ட வேண்டும். பலன் அதே சேஃப்தான். ஆனால் அடுத்த தீர்ப்புக்கும் அவளுக்கு மரியாதை மிஞ்சும்.

இரண்டு பேரும் ஒரே நிகழ்வுக்கு எதிரெதிர்த் தீர்ப்பு கொடுத்துவிட்டால்? பேஸ்பால் விதி இதற்கு நல்ல வழி சொல்கிறது. தலைமை நடுவர் அம்பயர்களைத் தனியே கூட்ட வேண்டும், கோச்சும் வீரர்களும் அந்தப் பக்கமே வரக்கூடாது. யார் நல்ல இடத்தில் நின்றார்கள், எது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதை வைத்து ஒரு தீர்ப்பை முடிவு செய்ய வேண்டும். எத்தனை வருஷ அனுபவம் என்ற பேச்சே அதில் இல்லை. நான் சொன்ன அரையிறுதியில் இந்த வழியில் போயிருந்தால் முடிவு எதுவாக இருந்தாலும் அந்தக் கோச்சுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு காரணம் இருந்திருக்கும்.

மூத்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்பளம், படி என்று எதையும் பார்க்காமல், சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து, கடன் வாங்கிய முகக்கவசத்தோடு நின்று இந்த ஆட்டத்தை இந்த ஊரில் உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள். பிட்சரின் கையைப் பார்த்தே பந்து எங்கே விழும் என்று சொல்லக்கூடியவர்கள். 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கி, இன்று நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நூறு வருஷத்துக்கும் மேலாக ஆசிரியர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிற ஊர் இது. குருவை எதிர்த்துப் பேசாத பழக்கம் நமக்கு அங்கிருந்தே வருகிறது. வகுப்பறையில் அது நல்ல பழக்கம். டைமண்டில் மாணவி குருவைவிடப் பத்தடி பக்கத்தில் நிற்கும்போது, அவள் கண்ணால் பார்த்ததைச் சொல்ல விடுவதுதான் குரு அவளுக்குக் கொடுக்கிற மரியாதை. அப்படி விட்டுக்கொடுத்த மூத்தவர்களும் உண்டு. அவர்களோடு நின்ற ஆட்டங்களில்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன்.

இளையவர்கள் பக்கத்துத் தவறையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. “என் ஏரியா இல்லை” என்ற வார்த்தையைக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறவர்கள் நம்மில் கூடிவிட்டார்கள். மூன்றாவது ஸ்டிரைக்கில் பந்து தரையில் பட்டு கேட்சர் கைக்குப் போனது பேஸ் அம்பயருக்குத் தெளிவாகத் தெரிகிறது. பிளேட் அம்பயருக்குக் கேட்சரின் முதுகு மறைக்கிறது. பேட்டர் ஓடலாமா கூடாதா என்பது இந்த ஒரு விஷயத்தில் தொங்குகிறது. பார்ட்னர் நிமிர்ந்து பார்க்கிறார். இவர் வேறெங்கோ பார்க்கிறார். பிறகு, “நீங்க கேக்கலையே சார்” என்கிறார். இதுவும் பார்ட்னரைக் கைவிடுவதுதான். கேட்காமல் தீர்ப்பு சொல்வது ஒரு தவறு என்றால், தெரிந்ததை ஒரு சைகையாகக்கூடத் தராமல் நிற்பது அதற்குக் குறையாத தவறு.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். விதி தவறாகப் பயன்படுத்தப்படுகிறது, அல்லது பால், ஸ்டிரைக், அவுட் எண்ணிக்கை தப்பாகப் போகிறது என்றால் யாரும் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. டைம் கொடுத்து நடந்து போய் பார்ட்னர் காதில் சொல்ல வேண்டும். இவை கோச் எதிர்ப்பு மனு கொடுக்கக்கூடிய விஷயங்கள். விட்டுவிட்டால் ஆட்டத்தையே மறுபடி அந்த இடத்திலிருந்து ஆட வேண்டிவரும். சேஃப், அவுட், ஸ்விங் போன்ற கண்பார்வைத் தீர்ப்புக்கு எதிர்ப்பு மனு கிடையாது, அதில் பார்ட்னர் கேட்டால் மட்டுமே வாய் திறக்க வேண்டும். கேட்பதற்கு வசதியாக, “என்னிடம் தகவல் இருக்கிறது” என்பதற்கு ஒரு சைகையை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். நெஞ்சில் கை வைப்பது போதும். இன்ஃபீல்டு ஃப்ளை (பேஸ்களுக்கு அருகே உயரப் போகிற பந்தில், பிடிக்கும் முன்பே பேட்டர் அவுட் என்கிற விதி) வரக்கூடிய நிலையில் ஒருவருக்கொருவர் சைகை காட்டி உறுதிசெய்துகொள்கிற வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே, அதைப் போலத்தான்.

யார் பிளேட்டில் நிற்பது என்பதும் சண்டைக்கு ஒரு காரணம். மே மாத வெயிலில் மார்புக் கவசமும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு ஏழு இன்னிங்ஸ் குனிந்து நிமிர்வது லேசான வேலை இல்லை. பல இடங்களில் மூத்தவர் பேஸை எடுத்துக்கொண்டு, அன்றுதான் வந்த பிள்ளையைப் பிளேட்டுக்கு அனுப்புகிறார். பிறகு அங்கிருந்தே ஒவ்வொரு பந்துக்கும் தலையை ஆட்டுகிறார். எந்தப் பந்து ஸ்டிரைக் என்று கணக்காகிற பகுதியான ஸ்டிரைக் சோனைப் பற்றிப் பேஸ் அம்பயர் முகபாவம் காட்டினாலே பேட்டரும் கேட்சரும் கவனித்துவிடுவார்கள். ஒரு நாளில் இரண்டு ஆட்டம் என்றால் ஒன்றில் பிளேட், ஒன்றில் பேஸ் என்று மாற்றி நில்லுங்கள். ஒரே ஆட்டம் என்றால் யார் எங்கே என்பதை நியமனத்திலேயே எழுதுங்கள். படியும் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். கவசங்களைச் சங்கமே வாங்கி, பெண்களுக்கென்று ஒரு செட்டாவது தனியாக வைத்தால் பிளேட்டுக்கு வரப் பல பெண்கள் தயாராக இருக்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நம் மைதானங்களின் நிலைமை இதையெல்லாம் இன்னும் சிக்கலாக்குகிறது. வேலி கிடையாது. பந்து தாண்டினால் செத்துப்போகும், அதாவது ஆட்டம் நின்றுவிடும் எல்லையைச் சுண்ணாம்புப் பொடியில் போடுவார்கள், இரண்டாவது இன்னிங்ஸுக்குள் அது மிதிபட்டு அழிந்துவிடும். பக்கத்தில் கிரிக்கெட் நடக்கும், அந்தப் பந்தும் உள்ளே உருளும். தேர்ட் பேஸைத் தாண்டிப் போன எறி ஒன்று மரத்தடியில் குவித்துவைத்த பைகளில் போய் நின்றது. பிளேட் அம்பயர் பந்து செத்தது, ரன்னருக்கு இரண்டு பேஸ் என்றார். பேஸ் அம்பயர் பந்து உயிரோடுதான் இருக்கிறது என்று ஆட்டத்தை ஓடவிட்டார். இருவரும் நல்ல அம்பயர்கள். அந்த மரத்தை ஆட்டத்துக்கு முன் இருவரும் சேர்ந்து போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மைதானத்தை ஒரு சுற்று நடந்து வந்து, மரமும் பந்தலும் எந்தக் கணக்கு என்பதை இரண்டு கேப்டன்களிடமும் சொல்லிவிட்டால் முடிந்தது.

கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்கள் பலர் நம்மோடு நிற்கிறார்கள், அவர்களுக்கு இது புதிது இல்லை. ஸ்டம்பிங்கும் பேட்டர் முனை ரன் அவுட்டும் ஸ்கொயர் லெக்கில் நிற்கிறவருடையது. எல்.பி.டபிள்யூ பந்துவீசும் முனையில் நிற்கிறவருடையது. இந்த ஊரின் எஸ். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் ஆடியவர், இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர், பிறகு 73 டெஸ்டுகளில் அம்பயராக நின்றவர். எவ்வளவு பெரியவர் நின்றாலும் எதிர் முனையின் ஸ்டம்பிங்கை அவர் தீர்மானிக்க அந்த ஆட்டத்தில் இடம் இல்லை. இதைக் கிரிக்கெட்டில் இயல்பாக ஏற்றுக்கொள்கிறவர்கள் சாஃப்ட்பாலுக்கு வந்ததும் ஏன் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆட்டம் முடிந்த பிறகு நடப்பதையும் பேச வேண்டும். பார்ட்னர் செய்த தவறை ஸ்கோரர் மேசை பக்கத்தில், கோச்சுகள் காதுபட விமர்சிப்பது, அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் ஆள் தெரிகிற மாதிரி எழுதுவது, இவையெல்லாம் நிற்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் அந்தக் கோச் அதையே திருப்பி, “உங்க பார்ட்னரே சொன்னாரே” என்று கேட்கிறார். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேர் மட்டும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் பாதி வருத்தம் தீர்ந்துவிடும். அதற்கும் மேலே புகார் இருந்தால் கொடுக்க ஓர் இடம் வேண்டும். இப்போது அப்படி இடம் எதுவும் இல்லாததால்தான் அது வாட்ஸ்அப்புக்குப் போகிறது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், அந்தத் தேர்ட் பேஸில் சறுக்கிய பெண்ணுக்காகவும் அவளை டேக் செய்த பெண்ணுக்காகவும்தான். ஒரு மாநிலத் தேர்வு, ஒரு சான்றிதழ், அதை வைத்துக் கல்லூரியில் ஓர் இடம் என்று கணக்குப் போட்டு வருகிற பிள்ளைகள் அவர்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வருகிறது என்று தெரிந்ததும் இங்கே பயிற்சிக்கு வருகிற சின்னப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவள் நான். தோற்றால் தோற்றோம் என்று ஏற்றுக்கொள்வார்கள். இரண்டு அம்பயர்களும் ஒத்துப்போகாததால் தோற்றோம் என்பதை அவர்களால் ஏற்றுக்கொள்ள முடியாது, ஏற்றுக்கொள்ளவும் கூடாது.

உங்களிடம் கேட்பதை இப்போது திட்டமாகச் சொல்கிறேன். யார் யாரோடு, யார் பிளேட் என்பதை முந்தைய நாள் மாலைக்குள் தெரிவியுங்கள். எந்த விதிப்புத்தகம், எத்தனை இன்னிங்ஸ், ரன் வித்தியாச விதி உண்டா என்பதை அந்தச் செய்தியிலேயே போடுங்கள். சில பள்ளிப் போட்டிகளில் ஏழு இன்னிங்ஸ் ஐந்தாகிவிடுவது எங்களுக்கு மைதானத்தில்தான் தெரிகிறது. ரன்னர் இருக்கும் ஒவ்வொரு நிலைக்கும் யார் எங்கே நிற்பது, பந்து போனால் யார் எங்கே ஓடுவது என்பதைத் தமிழில், படத்தோடு, ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். ஆட்டத்துக்கு அரை மணி முன்பு இரண்டு அம்பயர்களும் மைதானத்தில் இருக்க வேண்டும், அதில் கால் மணி நேரம் அந்தத் தாளை வைத்துப் பேச வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். பயிற்சி முகாமில் எழுத்துத் தேர்வோடு நிறுத்தாமல், பேஸ்களை வைத்து, ரன்னர்களை ஓடவிட்டு, ஃபர்ஸ்டிலிருந்து தேர்டுக்குப் போகிற அந்த ஓட்டத்தை ஒவ்வொரு ஜோடியையும் செய்ய வையுங்கள். மூத்தவர்களும் அதில் ஓட வேண்டும். பார்ட்னர் தீர்ப்பைக் கேட்காமல் மாற்றினால் யாராக இருந்தாலும் விளக்கம் கேட்கப்படும் என்று ஒரு வரி சுற்றறிக்கையில் சேருங்கள்.

தாளின் வரைவை எழுதித் தர நானும் இன்னும் சில அம்பயர்களும் தயாராக இருக்கிறோம். மூத்தவர் ஒருவரும் எங்களோடு உட்கார்ந்து திருத்தித் தந்தால் நல்லது. வரும் சீசனுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லுங்கள், மைதானத்துக்கு வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியையாகவும் சாஃப்ட்பால் அம்பயராகவும் இருக்கிற ஒருத்தி,
சென்னை